மிச்சம் அறுநூற்று நாற்பது

வீட்டுக்காரம்மா சாவி தேடும் நேரத்தில்
நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்தேன்.
இடப்பக்கம் ஓசூர். வலப்பக்கம் இந்த ஏரிக்கோடி.
நடுவில் என் மகள் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு,
கொஞ்சம் கோணல்.

ஓசூரில் வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு.
ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால்
பக்கத்து வீட்டு ஜன்னல்.
அவர்கள் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல்.
இங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஜன்னலைத் திறந்தால் ஏரி,
நடுவில் பட்டமரம்,
அதில் சிறகை உலர்த்தும் ஒரு நீர்க்காகம்.
"ஐயாயிரம் லாபம்" என்று விசிலடித்தார் மாதேசன்.
பொறுங்கள் என்றேன்.

கம்பெனி பஸ் காவேரிப்பட்டணத்தோடு திரும்பிவிடும்.
அதுவரை பைக். பெட்ரோல் ஆயிரத்து எண்ணூறு.
பள்ளி வேன் ஆயிரத்து நூறு.
சிலிண்டர் கொண்டுவரும் பையனுக்கு
மண்ரோட்டுக்காக அறுபது.
சிக்னல் மாடியில் மட்டும்தான்,
மாடியோ வீட்டுக்காரருடையது,
ஆகவே இன்னொரு சிம், முந்நூறு.
ஏரி இலவசமாகத் தருகிற ஒரே பொருள் கொசு.
சுருள் நூற்று இருபது.

பால் மட்டும் மலிவு.
கறக்கிற இடத்திலேயே வாங்கினால்
மாதம் நூற்றெண்பது மிஞ்சும்.
தக்காளி அப்படியில்லை.
எதிர்த் தோட்டத்தில் பறித்தது
ராயக்கோட்டை மண்டிக்குப் போய்
விலை கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறது.

குடிக்க?
"கேன்தான்மா" என்றார் ஷகீலா பேகம்.
"போர் தண்ணி ஆகாது.
குழாயில ஒகேனக்கல் தண்ணி வரும்,
வர்ற அன்னைக்கு வரும்."
பின்னால் நின்ற அவர் மகன் சிரித்தான்.
பதினாறு வயது இருக்கும்.
முன்பற்களில் பழுப்புக் கோடுகள்,
தேநீர்க் கறை போல, ஆனால் உள்ளிருந்து வந்தவை.
சட்டென்று உதட்டை மூடிக்கொண்டான்.
நான் என் மகளைப் பார்த்தேன்.
இப்போதுதான் அவளுக்குப் பால்பற்கள் விழுகின்றன.

ஓசூரிலும் கேன்தான் வாங்கினோம்.
அங்கே வாங்கும்போது
கண்ணெதிரே இத்தனை தண்ணீர் இல்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.
நோட்டில் இரண்டு பக்கமும் ஒரே தொகை. அடித்துவிட்டேன்.

கடைசியாக ஓ.டி.
பஸ் ஆறு மணிக்கே கிளம்பிவிடும்.
மாதம் நான்கு ஓ.டி. போகும்,
இருநூற்றுத் தொண்ணூறு வீதம்
ஆயிரத்து நூற்று அறுபது.

கூட்டினேன். கழித்தேன்.
மறுபடி கூட்டினேன், விரல்விட்டு.
அறுநூற்று நாற்பது.

"இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் அவர்.
நான் பதில் சொல்லவில்லை.
ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்தால்
கிருஷ்ணகிரிக்கு எத்தனை நிமிடம் என்பதை
நோட்டில் எழுதவில்லை.
அவரும் கேட்கவில்லை.

சாவி கிடைத்துவிட்டது,
அரிசி டப்பாவுக்குள்.
பின்கதவைத் திறந்து காட்டினார் ஷகீலா பேகம்.
சுவரில் முழங்கால் உயரத்தில்
நேர்க்கோடாக ஓர் ஈரத்தடம்.
"ஏரி நிறைஞ்சா இதுவரைக்கும் வரும்.
மூணு நாள் நிக்கும், போயிடும்.
அந்த மூணு நாளுக்கு
வாடகையில கழிச்சுக்கலாம்."

மாதேசன் என்னைப் பார்த்தார்.
மகள் அதற்குள் கடைசிப் படியில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றிவிட்டாள்.
"மூணு நாளும் ஸ்கூல் லீவா?" என்றாள்.

நான் பென்சிலை எடுத்தேன்.
மூன்று நாள் வாடகை இருநூற்று ஐம்பது.
வரவா செலவா,
வலப்பக்கத்தில் எங்கே எழுதுவது என்று தெரியாமல்
கோணல் கோட்டின் மேலேயே எழுதினேன்.

முன்பணமாக ஐந்நூறு கொடுத்தோம்.
திரும்பும் வழியில் குத்தகைக்காரர் கொட்டகையில்
ஒரு கிலோ ஜிலேபி மீன், நூற்று நாற்பது.
இன்னும் மிச்சமே ஆகாத பணம்
அன்றைக்கே தீர்ந்தது.
பைக்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் மகள்,
அவள் மடியில் பை,
பைக்குள் ஒரு மீன்
பர்கூர் சாலை வரும்வரை துடித்துக்கொண்டிருந்தது.